பத்து நொடியில் பிறந்த இசை

1987இல் அமெரிக்காவின் இ-மியூ நிறுவனம் வெளியிட்ட எஸ்.பி. 1200 என்ற சாம்ப்ளரில் மொத்தமே பத்து நொடி ஒலியைத்தான் பதிந்துகொள்ள முடியும். அந்தப் பத்தையும் ஒரே துணுக்குக்குக் கொடுத்துவிட முடியாது. ஒரு துணுக்கு இரண்டரை நொடியைத் தாண்டக் கூடாது. பழைய இசைத்தட்டுகளிலிருந்து ஒரு டிரம் அடி, ஒரு டிரம்பெட் இழுப்பு என்று எடுத்துப் புதுப் பாட்டுக்குத் தாளக்கட்டு அமைத்துக்கொண்டிருந்த நியூயார்க் இளைஞர்களுக்கு இது போதவில்லை. நிமிடத்துக்கு 33 சுற்று சுழல வேண்டிய தட்டை 45 சுற்றில் ஓட்டிப் பதிந்தார்கள். பிறகு கருவிக்குள் சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். இடம் மிச்சமானது. கூடவே ஒலியின் மேல் ஒரு சொரசொரப்பு ஏறிக்கொண்டது. 12 பிட் துல்லியத்தில் பதிந்து, பின் இழுத்து நீட்டப்பட்ட அந்த ஒலிதான் 1990களின் தொடக்கத்தில் நியூயார்க் ஹிப்ஹாப்பின் அடையாளம் ஆயிற்று. இன்று எந்த மடிக்கணினியிலும் மணிக்கணக்கில் பதியலாம். ஆனாலும் அந்தச் சொரசொரப்பைப் போலவே ஒலிக்கச் செய்யும் மென்பொருள்களைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

கையடக்க சிந்தசைசரையும் சாம்ப்ளரையும் பார்த்தால் நம்மில் பலருக்கு இரண்டு எண்ணங்களில் ஒன்று வரும். பேட்டரியில் ஓடுகிறது, பொத்தானை அழுத்தினால் தாளம் போடுகிறது, ஆகவே விளையாட்டுச் சாமான் என்பது ஒன்று. ஸ்டுடியோ வைக்க வசதியில்லாதவர்களின் தற்காலிக ஏற்பாடு என்பது மற்றொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. அவை முழுமையான இசைக்கருவிகள். அவற்றில் இல்லாத வசதிகளுக்கும் அந்தத் தகுதியில் பெரும் பங்குண்டு. நாகஸ்வரத்தில் விரல் வைக்க ஏழு துளைகளே உண்டு. அந்த ஏழில் அடங்காத கமகங்களை மூச்சாலும் உதட்டாலும் விரலாலும் வரவழைக்கத்தான் அத்தனை ஆண்டு சாதகம். எல்லை தெரிந்த கருவியோடுதான் மனிதர் மல்லுக்கட்ட முடியும். அந்த மல்லுக்கட்டில்தான் புது இசை பிறக்கிறது.

ரோலண்ட் நிறுவனத்தின் டி.பி. 303 இதற்கு நல்ல சாட்சி. தனியாக வாசிக்கும் கிட்டார் கலைஞருக்குப் பக்கத்தில் பாஸ் கிட்டார் வாசிக்க ஆளில்லாத குறையைத் தீர்ப்பதற்காக, தடாவோ கிகுமோட்டோ வடிவமைத்து 1981இல் வந்த சிறு வெள்ளிநிறப் பெட்டி அது. நிறுவனத்தின் கணக்கு பலிக்கவில்லை. பாஸ் கிட்டார்போல அது ஒலிக்கவே இல்லை; சுரங்களை உள்ளிடும் முறையோ தலையைச் சுற்ற வைத்தது. ஏறத்தாழ 10,000 பெட்டிகளோடு 1984இல் உற்பத்தி நின்றது. பிறகு சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழுவின் இளைஞர்கள், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு 303இல் சுரவரிசையை ஓடவிட்டு, அதன் மேல் ஃபில்டர் குமிழ்களைத் திருகிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கீச்சொலி 1987இல் ‘ஆசிட் டிராக்ஸ்’ என்று தட்டாக வந்து, ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை வகைக்கே வழிவிட்டது. அதற்கும் ஐந்து ஆண்டு முன்பே, இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த மும்பைக் கலைஞர் சரண்ஜித் சிங், அதே 303ஐ டி.ஆர். 808 டிரம் மெஷினோடும் ஜூபிடர் 8 சிந்தசைசரோடும் சேர்த்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து 1982இல் பதிந்திருந்தார். அன்று அதைச் சீண்டுவார் இல்லை. 2010இல் மறுபதிப்பானபோது, ஆசிட் ஹவுஸுக்கு முன்பே இப்படி ஒன்றா என்று மேலை விமர்சகர்கள் திகைத்தார்கள். எனக்கு இதில் திகைப்பைவிடப் பொருத்தமே தெரிகிறது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி 303இல் உண்டு. சாதாரணக் கீபோர்டின் கட்டைகளில் வராத அந்த வழுக்கல், ராகம் கேட்டுப் பழகிய காதுக்கு எளிதில் பிடிபடக்கூடியது. பாஸ் கிட்டாராகத் தோற்ற கருவி ராகத்துக்கு இணக்கமாக இருந்தது.

இதைவிடச் சாதாரணமான கருவி காசியோ எம்.டி. 40, வீடுகளுக்கென்றே செய்யப்பட்ட கீபோர்டு. அதில் தயாராக வைத்திருந்த தாளங்களில் ‘ராக்’ என்ற ஒன்றை அமைத்தவர், இசைக் கல்லூரியை முடித்த கையோடு காசியோவில் சேர்ந்த ஹிரோகோ ஒகுடா. ஜமைக்காவின் ரெகே இசையில் தோய்ந்தவர். 1985இல் ஜமைக்காவில் பாடகர் வெய்ன் ஸ்மித்தும் தயாரிப்பாளர் கிங் ஜாமியும் அந்தத் தாளத்தின் வேகத்தைக் குறைத்து ‘அண்டர் மி ஸ்லெங் டெங்’ பாடலை உருவாக்க, ஜமைக்க இசை டிஜிட்டல் காலத்துக்குள் நுழைந்தது. நம்மவர் ஒருவரும் இந்த வரிசையில் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, அகதியாக லண்டன் சேர்ந்த மாயா அருள்பிரகாசம் படித்தது திரைப்படக் கலை. இசைப் பயிற்சி இல்லாத அவர், இரவல் வாங்கிய ரோலண்ட் எம்.சி. 505 என்ற ஒற்றைப் பெட்டியில்தான் முதல் பாடல்களைக் கட்டினார். அங்கே தொடங்கியது 2005இல் தந்தையின் இயக்கப் பெயரோடு ‘அருளர்’ என்ற ஆல்பமாக வந்தது.

இயந்திரம்தானே வாசிக்கிறது, மனிதருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, ஆனால் வாசிப்பவரின் கையைப் பார்க்காமல் கேட்கும் கேள்வி. டெட்ராய்ட்டின் ஹிப்ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லா, அகாய் நிறுவனத்தின் எம்.பி.சி. 3000 சாம்ப்ளரில், கருவி கணக்காக நிறுத்தும் இடத்திலிருந்து அடிகளை இம்மியளவு முன்னும் பின்னும் தள்ளிவைத்தார். பின்னால் வந்த டிரம் கலைஞர்கள் அந்தத் தள்ளாட்டத்தை நிஜ டிரம்மில் வாசிக்கப் பழகினார்கள். அவருடைய எம்.பி.சி. இன்று வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம்: கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரியில் ரிதம் பேட் வாசிப்பவர் தபேலாவையும் டோலக்கையும் இரண்டு குச்சியில் கொண்டுவருவதைக் கண்ட யாரும் அவரைப் பொத்தான் அழுத்துபவர் என்று சொல்லமாட்டார்கள். கர்நாடக இசை மேடையில் மின்னணுச் சுருதிப் பெட்டி தம்புராவின் பக்கத்தில் இடம்பிடித்துவிட்டது. ஆர்மோனியத்தை நம் இசைக்கு ஒவ்வாதது என்று 1940இல் அகில இந்திய வானொலி விலக்கி, முப்பது ஆண்டுகள் கழித்தே கதவைத் திறந்தது. கருவியைப் பார்த்து இசையை நிராகரித்த தீர்ப்புகள் நம் நாட்டில் நிலைத்ததில்லை.

பிழைப்பைப் பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. 1982இல் பிரிட்டன் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை சிந்தசைசருக்கும் டிரம் மெஷினுக்கும் தடை கேட்டுத் தீர்மானம் போட்டது. அந்த அச்சம் பொய்யில்லை. தமிழ்த் திரையிசையில் ஒலிப்பதிவுக் கூடங்களை நிறைத்திருந்த வயலின் வரிசைகள் மெலிந்ததற்குக் கீபோர்டும் சாம்ப்ளரும் காரணம். அந்தக் குடும்பங்களின் இழப்பை யாரும் சிறிதாக்கக் கூடாது. ஆனால் நாற்பது பேருக்குக் கூலி கொடுக்க வசதியிருந்தும் ஒருவரை வைத்து முடித்துக்கொண்டது தயாரிப்புச் செலவுக் கணக்கு. வாடகை வீட்டில் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு இரவில் தாளம் அமைக்கும் மாணவி யாருடைய இருக்கையையும் பறிக்கவில்லை. அவளிடம் அந்தப் பெட்டி இல்லையென்றால் அங்கே நாற்பது வயலின் ஒலிக்கப்போவதில்லை, மௌனம்தான் இருந்திருக்கும்.

அடுத்தவர் இசையைத் திருடுவது சாம்ப்ளிங் என்ற குற்றச்சாட்டில் உண்மை கொஞ்சம் அதிகம். ஜெர்மானியக் குழு கிராஃப்ட்வெர்க்கின் ‘மெட்டால் அவுஃப் மெட்டால்’ இசையிலிருந்து சுமார் இரண்டு நொடியை எடுத்து 1997இல் ஒரு பாட்டில் பயன்படுத்திய தயாரிப்பாளர் மோசஸ் பெல்ஹாம் மீது தொடர்ந்த வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. காதுக்கு அடையாளம் தெரியாதபடி மாற்றினாலொழிய மிகச் சிறிய துணுக்குக்கும் அனுமதி வேண்டும் என்று 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு படைப்பாளியைச் சற்று இறுக்குகிறது என்றாலும் எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. சாம்ப்ளரின் பெருவாழ்வு பழைய தட்டில் இல்லை, மைக்கில் இருக்கிறது. பிரஷர் குக்கர் விசில், மீன் சந்தைக் கூவல், பேருந்துப் படியில் நின்று தட்டும் தட்டு எல்லாம் அனுமதி கேட்காத ஒலிகள். ஆனால் ஒரு பறைக் கலைஞரின் அடியைப் பதிந்தால் அவர் பெயரும் அவருக்குரிய பணமும் பாட்டோடு போக வேண்டும். ‘நாட்டுப்புற ஒலி’ என்று பொதுச் சொத்தாக்கிவிடுவது பெரிய நிறுவனம் செய்தாலும் நல்லெண்ணமுள்ள இளைஞர் செய்தாலும் திருட்டுதான்.

கடைசியாக, கையில் செல்பேசி இருக்கும்போது தனிப் பெட்டி எதற்கு என்ற கேள்வி. செல்பேசிச் செயலியில் ஆயிரம் ஒலிகள் உண்டு, பல இலவசம். கலவை செய்து முடிக்கக் கணினிக்கு நிகரில்லை. இதை மறுப்பது வீண். ஆனால் ஆயிரம் ஒலிகளுக்கு முன்னால் அமர்ந்தவர் மாலை முழுவதும் ஒலியைத் தேடுவதிலேயே கழித்துவிடுகிறார். நடுவில் வாட்ஸ்அப் அழைக்கிறது. மேட்லிப் என்ற கலைஞர் 2002இல் பிரேசிலின் சாவ் பாவ்லோவில், ஓட்டல் அறையில் உட்கார்ந்து, பாஸ் நிறுவனத்தின் எஸ்.பி. 303 சாம்ப்ளர், தூக்கிச் செல்லும் ரெக்கார்டு பிளேயர், ஒரு டேப் ரெக்கார்டர் ஆகியவற்றைக் கொண்டு உருவாக்கிய தாளங்கள், 2004இல் வந்து கொண்டாடப்பட்ட ‘மேட்வில்லனி’ ஆல்பத்தில் பல பாடல்களுக்கு அடித்தளம். கணினியே இல்லாத காலமில்லை அது. நினைவகம் சல்லிசாகிவிட்ட இந்நாளிலும் ஸ்வீடனின் டீனேஜ் எஞ்சினியரிங் 2018இல் கால்குலேட்டர் அளவில் கொண்டுவந்த சாம்ப்ளருக்கு நாற்பது நொடி போதும் என்று முடிவு செய்தது. ஒரு குமிழுக்கு ஒரே வேலை என்றிருக்கும்போது விரல் அதைக் கண்ணில்லாமல் கண்டுகொள்கிறது. அப்போது காதுக்கு மட்டும் வேலை மிச்சமாகிறது.

இந்தக் கருவிகள் நம் ஊரில் மலிவில்லை. நல்ல தொடக்கநிலைக் கீபோர்டின் விலை பலவற்றுக்கு ஆகிவிடுகிறது. அதனால்தான் இசைப் பள்ளிகளும் கல்லூரிகளும் ஆர்மோனியத்துக்கும் கீபோர்டுக்கும் பக்கத்தில் ஒரு சாம்ப்ளரையாவது மாணவர் கைக்கு எட்டும்படி வைக்க வேண்டும் என்கிறேன். அதற்காக வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். பெட்டிகளைச் சேர்த்துக்கொண்டே போய் ஒரு பாட்டையும் முடிக்காதவர்கள் இந்தத் துறையில் ஏராளம். உங்கள் மகளோ மகனோ இப்படி ஒன்று கேட்டால், முடிந்தால் வாங்கிக் கொடுங்கள். ஒன்றே ஒன்று. அதில் பத்துப் பாட்டு முடிக்கும்வரை இரண்டாவதை வாங்காதீர்கள்.