சாரியையும் வரிமொழிமாற்றியும்: தமிழ் நிரல்மொழி குறித்து ஒரு கருத்துரை

தமிழ்த்துறை ஆய்வாளர் ஒருவர் கணினிக்கு நிரல் எழுதினால் அது தமிழாய்வு ஆகுமா என்னும் வினா ஆய்வுக்கூட்டம் ஒன்றில் என்னை நோக்கி எழுப்பப்பட்டது. அன்று என்னால் நிறைவாக விடைகூற இயலவில்லை. இக்கட்டுரை அவ்விடையைக் கூற முயல்கிறது.

நிரலை வரிவரியாகப் படித்து அப்போதைக்கப்போது நிறைவேற்றுவது வரிமொழிமாற்றி எனப்படும். சேலத்தை அடுத்த இளம்பிள்ளைத் தறிகளில் ஜக்கார்டு பெட்டியைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வர, அட்டைக்கு ஓர் ஊடையாகச் சேலையில் பூ விரிகிறது. ஓர் அட்டை பிழைத்தால் பிழை அந்த ஊடையிலேயே தெரிந்துவிடும்.

தமிழில் இத்துறையின் குறிப்பிடத்தக்க முயற்சி முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட வரிமொழிமாற்றியால் இயங்கும் இது குறித்து அவர் 2009இல் ஆங்கிலக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். மாணவர்க்கு நிரலாக்கம் கற்பிப்பதே இதன் நோக்கம். ‘எழில்’ பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் கலைச்சொற்களையே பாராட்டுகின்றனர். என் கருத்தில் அதன் சிறப்பு சொல்லடுக்கில் உள்ளது. ஆங்கில மரபில் நிபந்தனைச் சொல் முன்னும் நிபந்தனை பின்னும் வரும். எழிலிலோ நிபந்தனையை முதலில் எழுதி, அதன்பின் ‘ஆனால்’ என்று முடிக்க வேண்டும். ‘ஆகு’ என்னும் வினையின் நிபந்தனை எச்சம் தனக்குரிய இடத்தில் அமர்ந்திருக்கிறது. எனினும் இந்நெறி முழுமையாகப் பின்பற்றப்படவில்லை. ‘பதிப்பி’ என்னும் ஏவல் தன் செயப்படுபொருளுக்கு முன்னரே வருகிறது. ‘இல்லைஆனால்’ என்னும் சொல் உடம்படுமெய் பெறாமல் நிற்கிறது. ‘இல்லையானால்’ என இலக்கணப்படி எழுதிய மாணவரின் நிரலை அம்மொழி ஏற்காது என்பது தமிழாசிரியர்க்குச் சற்றே வருத்தம் தரக்கூடியது!

இக்குறைகளைச் சுட்டுவது எளிது; களைவது எளிதன்று. இதனை நானே ஒரு சிறு வரிமொழிமாற்றி எழுதியபோது உணர்ந்தேன். கூட்டல், கழித்தல் என்னும் இரண்டே வினைகள் கொண்ட விளையாட்டு மொழி அது, எவர்க்கும் பயன்படாது. ‘பத்திலிருந்து மூன்றைக் கழி’, ‘மூன்றைப் பத்திலிருந்து கழி’ ஆகிய இரு தொடர்களுக்கும் ஏழு என்றே விடை வரவேண்டும் என்பது நான் எனக்கு வகுத்துக்கொண்ட விதி. எது கழிக்கப்படுவது, எதிலிருந்து கழிக்கப்படுவது என்பதைச் சொல்லின் இடம் உணர்த்தாது, வேற்றுமை உருபே உணர்த்தும். டேமியன் கான்வே இலத்தீன் வேற்றுமைகளைக் கொண்டு ‘பெர்லிகாட்டா’ என்னும் விந்தை நிரல்மொழியில் இதனைச் செய்து காட்டியுள்ளார்.

தமிழில் இடர் புணர்ச்சியில் தொடங்குகிறது. ஒரே சொல் ‘மூன்றைக்’ என்றும் ‘மூன்றைப்’ என்றும் வருகிறது. மிகுந்த ஒற்றை நீக்க வேண்டும். ‘ஐ’ உருபைப் பிரிக்க வேண்டும். கெட்ட குற்றியலுகரத்தை மீட்க வேண்டும். நம் இலக்கண நூல்களின் புணரியல் விதிகள் சேர்க்கும் வழியைக் கூறுவன. பிரிப்பவர் அவற்றைத் தலைகீழாக நடத்த வேண்டியுள்ளது. அவ்வாறு நடத்தினால் ஒரு வடிவத்திற்கு ஒன்றுக்கு மேற்பட்ட மூலங்கள் கிடைக்கின்றன. ‘பத்தை’ என்பது பத்து என்னும் எண்ணின் இரண்டாம் வேற்றுமையா, தேங்காய்ப் பத்தையா? நிரலில் ஒரு மாறிக்குப் ‘பத்தை’ எனப் பெயரிட்டபோது என் வரிமொழிமாற்றி அதனைப் பத்து எனக் கொண்டு பிழையான விடை தந்தது. பிழைச்செய்தி ஏதும் வராமையால் காரணம் காண இரண்டு நாள் ஆயிற்று.

தீர்வு சாரியையில் கிடைத்தது. எண்கள் ‘இன்’ சாரியை பெற்றே ‘ஐ’ உருபை ஏற்க வேண்டும் என விதித்தேன். ‘பத்தினை’ என்றால் எண். ‘பத்தை’ என்றால் மாறி. மயக்கம் நீங்கியது. சாரியை தனக்கெனப் பொருள் இன்றி ஒலி இயைபுக்கு வருவது என்றே முதுகலை வகுப்பில் படித்திருந்தேன். பொருளற்றதாகக் கருதிய அவ்விடைநிலை இங்குப் பொருளை வேறுபடுத்தக் கண்டபின், சங்கப் பாடல்களில் சாரியை வரும் இடங்களையும் வாராத இடங்களையும் இந்நோக்கில் ஒப்பிட்டு வருகிறேன். முடிவு கூற இன்னும் காலம் உண்டு.

தமிழ் இலக்கணம் கணினிக்கென்றே வகுக்கப்பட்டது என்னும் மேடைப் பேச்சை இவ்வனுபவம் வலுப்படுத்தாது. கணினி இடறும் இடங்களே ஆய்வுக்கு உரியவை. ஆதலால் ‘தமிழும் கணினியும்’ என்னும் தாளில் மென்பொருள்களின் பெயர்களை மனனம் செய்வித்து மதிப்பெண் வழங்கும் முறையை நான் ஏற்கவில்லை. அதற்கு மாற்றாக, முதுகலை மாணவர் இருவர் சேர்ந்து பத்துச் சொற்கள் கொண்ட ஒரு நிரல்மொழிக்குப் புணர்ச்சி பிரிக்கும் பகுதியை மட்டும் எழுதலாம். நாமக்கல், இராசிபுரம் பகுதிச் சிற்றூர்களிலிருந்து தமிழ்வழியில் பயின்று வரும் மாணவர்க்கு ஆங்கிலக் கட்டளைகளைவிடக் குற்றியலுகரம் நன்கு தெரியும். துறையில் ஒரு கணினியும் வாரத்திற்கு இரண்டு மணி நேரமும் இருந்தால் இதனை வரும் பருவத்திலேயே தொடங்கலாம்.