சினைப்பன்றி திரும்பிப் படுக்க இடம் வேண்டும்

தி.நகர் கல்யாண மண்டபங்களிலும், மயிலாப்பூர், அடையாறு ஹோட்டல்களிலும் மிஞ்சும் சோறும் சாம்பாரும் டிரம்களில் ஏறிப் புறநகர்ப் பன்றிப் பண்ணைகளுக்குப் போவது இந்த நகரத்தில் பழகிப்போன விஷயம். பன்றி இறைச்சியைத் தொடாத வீட்டின் எச்சில் இலையும் அந்த டிரம்மில் இருக்கிறது. அந்தப் பன்றிகள் எப்படி வளர்க்கப்படுகின்றன என்று கேட்கும் கடமை சென்னைவாசிகளுக்கும் உண்டு.

இப்போதே கேட்டாக வேண்டும். 2021-இல் திருத்தப்பட்ட தேசிய கால்நடை இயக்கத்தின்படி, 100 தாய்ப்பன்றிகளும் 10 ஆண் பன்றிகளும் கொண்ட பண்ணைக்கு முதலீட்டில் பாதி, அதிகபட்சம் 30 லட்சம் ரூபாய், மானியமாகக் கிடைக்கிறது. பத்துப் பன்றி வளர்த்தவர் நூறு வளர்க்க முன்வரும்போது, இடத்தையும் ஆளையும் மிச்சப்படுத்தும் இரும்புக் கூண்டும் கூடவே வந்துவிடும். மானியம் பெறும் எந்தப் பண்ணையிலும் சினைப்பன்றிக் கூண்டு இருக்கக் கூடாது என்று தமிழக அரசு நிபந்தனை விதிக்க வேண்டும்.

அந்தக் கூண்டு ஏறக்குறைய இரண்டடி அகலமும் ஏழடி நீளமும் கொண்டது. அதற்குள் தாய்ப்பன்றி எழலாம், படுக்கலாம், திரும்ப முடியாது. சினைக்காலம் 114 நாள். ஆண்டுக்கு இரண்டு ஈற்று என்று கணக்கிட்டால், அதன் வாழ்நாளில் பெரும்பகுதி கம்பிகளுக்கு நடுவிலேயே கழிகிறது. பன்றிக்கு உடலைக் குளிர்விக்கும் அளவுக்கு வியர்க்காது. சூடு தணிய அது நீரிலும் சேற்றிலும் புரள வேண்டும், அல்லது நிழல் தேடி நகர வேண்டும். சித்திரை வெயிலில் கான்கிரீட் தரையில் நகர வழியில்லாமல் நிற்கும் பன்றி மூச்சிரைத்தே சூட்டைத் தள்ளுகிறது. ஈனுவதற்கு முந்தைய நாள் அது வைக்கோலையும் இலைதழையையும் வாயால் இழுத்துவந்து படுக்கை கட்டப் பார்க்கும். கூண்டில் அதற்குக் கிடைப்பது கம்பிதான். அதைக் கடித்துக்கொண்டே இருக்கும். இந்தக் கம்பிக் கடியைக் கண்ட எந்தக் கால்நடை மருத்துவரும் அதை நலமான விலங்கின் நடத்தை என்று எழுதமாட்டார்.

தாய் புரண்டு படுத்தால் குட்டிகள் நசுங்கும், பன்றிகளை ஒன்றாக விட்டால் சண்டையிடும் என்கிறார்கள் பண்ணையாளர்கள். இரண்டும் உண்மையான கவலைகள். ஆனால், ஈனும் கொட்டிலில் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிக் காப்புக்குழாய் பொருத்தினால் குட்டிகள் ஒதுங்க இடம் கிடைக்கும். தீனி வேளைக்குத் தனித்தனித் தடுப்பும், வயிறு நிறைக்கும் நார்த்தீவனமும் இருந்தால் சண்டை வெகுவாகக் குறையும். ஆள் செலவு கூடத்தான் செய்யும். மானியம் அதற்கும் சேர்த்துத்தான் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல், சினையின் முதல் நான்கு வாரங்களுக்கும் ஈனுவதற்கு முந்தைய வாரத்துக்கும் மட்டும் விலக்கு அளித்து, சினைப்பன்றிகளைக் கூட்டமாகவே வளர்க்கச் சொல்கிறது. பிரிட்டன் 1999-லேயே கூண்டைத் தடை செய்தது. கூண்டுகளை வாங்கிக் குவித்துவிட்டுப் பிறகு உடைத்து அகற்றும் செலவை நாம் ஏன் ஏற்க வேண்டும்?

நம்மிடம் சட்டமும் இருக்கிறது. நியாயமான அளவு அசைய முடியாத கூண்டில் விலங்கை அடைப்பது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. அந்தச் சட்டத்துக்கு மாநிலங்களவையில் வித்திட்டவர், இதே தென்சென்னையில் கலாக்ஷேத்ராவை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல். 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். பல பத்தாண்டுகள் அது சென்னையிலிருந்துதான் இயங்கியது. நாய்க்கும் மாட்டுக்கும் குரல் கொடுக்கும் இந்த நகரம் பன்றி என்றதும் முகம் சுளிக்கிறது. பன்றி வளர்க்கும் மக்கள் மீது சமூகம் காட்டிவரும் இழிவும் அந்தச் சுளிப்பில் கலந்திருக்கிறது. இது மாற வேண்டும்.

மாற்றத்தை வகுப்பறையிலிருந்து தொடங்கலாம். வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இங்கே இருக்கிறது. அந்தக் கல்லூரி சார்ந்த பல்கலைக்கழகத்தின் பன்றிப் பண்ணை ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் காட்டுப்பாக்கத்தில் இருக்கிறது. ஐந்தரை ஆண்டுப் படிப்பில் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. அந்த ஆண்டில் ஒவ்வொரு மாணவரும் ஒரு தாய்ப்பன்றியின் ஈற்றைத் தொடக்கம் முதல் பால்குடி மறக்கும்வரை கூடவே இருந்து பார்க்க வேண்டும். குட்டிக்கு முதல் வாரத்தில் இரும்புச்சத்து ஊசி போடுவதை எல்லோரும் கற்கிறார்கள். வலிநீக்கி கொடுத்து விதை நீக்குவது, ஒரு கொட்டிலுக்குள் நுழைந்ததும் பன்றிகளின் நடத்தையிலிருந்து குறையைக் கண்டுபிடிப்பது போன்றவை பண்ணையில் நின்றால்தான் கைவரும். நகரத்தில் வளர்ப்பு நாய், பூனைகளுக்கு மருத்துவமனைகள் பெருகுகின்றன. அந்தப் பணியும் தேவைதான். ஆனால் பன்றியைக் கையாளத் தயங்கும் மருத்துவரால் பண்ணையாளரை மாற்ற முடியாது.

பண்ணைக்குப் போகும் உணவுக் கழிவு டிரம்முக்கும் விதி வேண்டும். ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் 2020-இல் அசாமிலும் அருணாசலத்திலும் நுழைந்து, 2022-இல் வயநாட்டையும் 2023-இல் முதுமலைக் காட்டுப்பன்றிகளையும் எட்டியது. மனிதருக்குத் தொற்றாது, பன்றிக்கு மருந்தில்லை. நோய் கண்ட பண்ணையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பன்றிகள் அனைத்தும் கொல்லப்படுகின்றன. சரியாக வேகாத பன்றி இறைச்சித் துணுக்கு ஒன்று உணவுக் கழிவில் கலந்தாலும் கிருமி பரவலாம். கழிவைக் கிளறிக்கொண்டே 90 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் வேகவைக்க வேண்டும் என்கிறது உலக விலங்கு சுகாதார அமைப்பு. வேகவைக்கும் கொப்பரை உள்ள பண்ணைக்கு மட்டுமே ஹோட்டல் கழிவு போக மாநகராட்சி அனுமதிக்க வேண்டும். கூண்டில்லாக் கொட்டிலையும் கொப்பரையையும் நேரில் பார்த்துக் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட பிறகே மானியத்தின் முதல் தவணை வழங்கப்பட வேண்டும்.