படக்கதைப் பேச்சும் தமிழாசிரியர் சினமும்

தமிழ் மாணவர் தமிழை மறப்பதற்குக் காரணம் யாது என்னும் கேள்விக்குக் காலந்தோறும் ஒரு விடை ஆயத்தமாக இருந்து வந்திருக்கிறது. ஒரு காலத்தில் அது திரைப்படப் பாடல். பின்னர் அது ஒளிநாடா. இன்று அது கைப்பேசியில் படிக்கப்படும் படக்கதை. ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் தமிழ் பயிலும் மாணவர்கள் ஓய்வுவேளையில் சிற்றுண்டிச்சாலையில் கூடினால், மாயக் கோட்டைகளும் அரக்கர்களும் நிறைந்த தொடர்களின் கதைமாந்தரைப் பற்றியே பேசுகிறார்கள்; பேசுவதோடு அமையாமல் அவர்களைக் கேலி செய்து உரக்கச் சிரிக்கிறார்கள்; இந்த ஊக்கத்தில் பத்தில் ஒரு பங்கினை இலக்கியப் பாடத்தில் காண இயலவில்லை. ஆசிரியர் கூட்டங்களில் மீண்டும் மீண்டும் எழுப்பப்படும் குற்றச்சாட்டு இதுவே.

குற்றச்சாட்டில் சொல்லப்படும் செய்திகள் யாவும் உண்மை. அவற்றிலிருந்து பெறப்படும் முடிவு ஒன்றுதான் பொய்.

அம்மாணவர் அப்படி என்னதான் பேசுகின்றனர் என்பதை யாரேனும் காதுகொடுத்துக் கேட்டதுண்டா? கொரிய நாட்டில் 2018 முதல் 2021 வரை படத்தொடராக வெளிவந்து, 2024இல் அசைவூட்டப் படமாகவும் வந்த 'சோலோ லெவலிங்' என்னும் கதையை எடுத்துக்கொள்ளலாம். வேட்டுவர் அனைவரிலும் நலிந்தவன் ஒருவன். ஏனையோர்க்கு வாய்த்த வல்லமை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அவனுக்கு மட்டும் அது படிப்படியாக வளர்கிறது. தான் வீழ்த்திய பகைவரை ஒரே சொல்லால் ஆணையிட்டு எழுப்பித் தன் நிழற்படையில் சேர்த்துக்கொள்கிறான். வகுப்பில் உறங்கும் நண்பனை நோக்கி அந்த ஆணையை முழங்கிவிட்டுச் சிரிப்பது மாணவரிடையே ஒரு விளையாட்டு. ஆனால் சிரிப்போடு அது முடிந்துவிடுவதில்லை. நோயுற்ற தாயைக் காக்கப் புறப்பட்டவன், வலிமை பெருகப் பெருக மனம் இறுகிப் போனானா, இல்லையா? தனியே உயர்ந்தவனுக்குத் துணைவர் எதற்கு? இறந்த பகைவனைப் படைவீரனாக்குவது பெருந்தன்மையா, அடிமைப்படுத்தலா? ஒருவன் ஒன்று சொல்ல, மற்றொருவன் இன்ன இடத்தில் அவன் இன்னது செய்தான் அல்லவா என்று மறுக்கிறான். முதல்வன் தன் கூற்றைத் திருத்திக்கொள்கிறான், அல்லது பகடி பேசித் தப்பிக்கிறான்.

கதைமாந்தர் திறனாய்வு என்பது இதுதான். வேறொன்றுமில்லை.

இப்போது வகுப்பறைக்கு வருவோரைக் காத்திருப்பது வேறொரு காட்சி. தேர்வுக்கு வைக்கப்பட்ட நாவலின் முதன்மைப் பாத்திரத்தின் பண்புநலன்களை விளக்குமாறு வினா வருகிறது. விடை வழிகாட்டி நூலில் இருக்கிறது: அன்புள்ளம் கொண்டவர், பொறுமைசாலி, விடாமுயற்சி உடையவர். இந்தப் பெயரை எடுத்துவிட்டு வேறு நாவலின் வேறு பாத்திரத்தின் பெயரை வைத்தாலும் விடை பொருந்தும். நாட்டில் எந்தத் தமிழ் நாவலின் நாயகனுக்கும் பொருந்தும். அந்தப் பாத்திரத்தோடு சினம் கொள்ளவோ அதனைக் கண்டு நகைக்கவோ மாணவனுக்கு உரிமையில்லை. 'இந்த நாயகர் ஏன் இவ்வளவு மந்தமாக இருக்கிறார்?' என்று எவனாவது கேட்டால், அவன் இலக்கியத்தை அவமதித்தவன் ஆகிறான். பிறகு, மாணவர்க்கு இலக்கியச் சுவை இல்லை என்று வருந்துவதில் என்ன பயன்?

கேலியைக் கண்டு அஞ்சுவது தமிழ் மரபுக்கு முற்றிலும் புறம்பானது. தெருக்கூத்தில் துரியோதனன் அரங்கேறும்போது அவன் எதிரில் நின்றே அவனை நையாண்டி செய்யக் கட்டியங்காரன் இருக்கிறான். மணிமுடி தரித்த மன்னனை மக்கள் சார்பில் கேலி செய்வது அவன் தொழில். அதனால் பாரதம் குறைபட்டுப் போனதாக யாரும் சொன்னதில்லை. காரைக்குடியில் 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்தின் மேடையில், இறந்தும் பிறந்தும் பல நூற்றாண்டு கடந்த கதைமாந்தரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி அறிஞர் பெருமக்கள் வாதாடினர். கும்பகருணன் பக்கம் சிலர், வீடணன் பக்கம் சிலர். அவையோ இடையிடையே குலுங்கிச் சிரித்தது. பொன்னாடையும் நடுவரும் ஒலிபெருக்கியும் இருந்தமையால் அது பட்டிமன்றம் என மதிக்கப்பட்டது. அவை மூன்றும் இல்லாமையால் சிற்றுண்டிச்சாலைப் பேச்சு அரட்டை எனப் பழிக்கப்படுகிறது.

வேதாளக் கதைகளின் அமைப்பே இத்தகைய பேச்சை வேண்டி நிற்பது. கதை முடிந்ததும் வேதாளம் விக்கிரமாதித்தனை விடுவதில்லை. வெட்டுண்ட கணவன் உடலிலும் தமையன் உடலிலும் தலைகளை மாற்றிப் பொருத்திவிட்ட பெண்ணுக்கு இப்போது கணவன் யார் என்று கேட்கிறது. தலைக்குரியவனே கணவன் என்று மன்னன் தீர்ப்பளித்தாலும் கேட்டிருந்தவர்கள் அடங்கியிருப்பார்களா? 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவின் வழியே அந்த வேதாளம் பல தலைமுறைச் சிறுவர் வீட்டுக்குள் நுழைந்தது. தோளில் வேதாளத்தைச் சுமந்து செல்லும் மன்னனைச் சங்கர் வரைந்த ஓவியம், கதையைப் படிக்காதவர் நினைவிலும் பதிந்திருக்கிறது. அவ்விதழ் இன்று வெளிவருவதில்லை.

தினத்தந்தியில் 1960இல் தொடங்கிய 'கன்னித்தீவு' இன்னும் வியப்புக்குரியது. மந்திரவாதி மூசாவின் மாயத்தால் பொம்மையளவு சிறுத்துப்போன லைலாவை மீட்டெடுக்கச் சிந்துபாத் அலைந்த அலைச்சல் தலைமுறைகளைக் கடந்தது. நாள்தோறும் சில படங்கள். நாள்தோறும் ஒரு புதிய இடர். வாசகர் சலித்துப்போய் விலகவில்லை; கேலி செய்துகொண்டே தொடர்ந்தனர். முடிவில்லாமல் இழுபடும் வழக்கையும், நடந்தேறாத திருமணப் பேச்சையும், கட்டி முடியாத மண்டபத்தையும் 'கன்னித்தீவு' என்று சொல்வது தமிழ் வழக்காகவே நிலைத்துவிட்டது. ஒரு படக்கதையைப் பற்றிய நகைச்சுவைப் பேச்சு மொழிக்கு ஒரு மரபுத்தொடரைத் தந்திருக்கிறது. புலவர் குழு அமைத்து ஆக்கிய கலைச்சொற்களில் எத்தனை இந்த அளவுக்குத் தெருவில் வழங்குகின்றன?

அயல்நாட்டுக் கதை என்பதால் தமிழுக்கு ஆகாது என்னும் வாதமும் நில்லாது. இலண்டன் வார இதழொன்றில் 1962இல் தோன்றிய ஒரு கதைமாந்தனை, சிவகாசியில் சௌந்தரபாண்டியன் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி' ஆக்கியது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும்; இரும்புக்கை மட்டும் தெரியும். அவனிடம் தமிழ்ப் பண்பாடு எதுவும் இல்லை. பேசிய மொழி மட்டுமே தமிழ். அந்த ஒன்று போதுமானதாக இருந்தது. உடுத்த துணியும் சேர்ந்து மறைகையில் கை மட்டும் ஏன் மறையவில்லை என்று அன்று வாதாடிய சிறுவர், அந்த வாதத்தைத் தமிழில் வாதாடினர். 1984இல் விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸின் 'குற்றச் சக்கரவர்த்தி' ஸ்பைடரின் தற்பெருமையைத் தமிழிலேயே எள்ளி நகையாடினர். இன்று நரைகூடிய அவ்வாசகர்கள் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவை ஒட்டிக் கூடி, அதே வாதங்களை விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றனர்.

பேராக் மாநிலத்தின் இழப்பு இங்கேதான் தொடங்குகிறது. ஈப்போ மாணவன் நண்பனை எழுப்பும் அந்த ஆணையை ஆங்கிலத்தில் முழங்குகிறான். கதைமாந்தரின் பெருமையும் சிறுமையும் பேசப்படுவது ஆங்கிலத்திலும் மலாயிலும்; இடையிடையே 'டேய்' என்ற விளி மட்டும் தமிழ். 'எழு' என்று ஈரெழுத்தில் தமிழ் அந்த ஆணையை இடும் என்பதை அவனுக்கு எவரும் காட்டவில்லை. வியப்பு, ஐயம், சினம், நகைப்பு ஆகிய நான்கும் பிறமொழியில் நிகழ, கட்டுரையும் கடிதமும் மட்டும் தமிழில் நிகழ்ந்தால், அவ்விளைஞனுக்குத் தமிழ் என்பது மதிப்பெண் பெறும் மொழியே அன்றி வேறு என்னவாக இருக்கும்? கவலைப்பட வேண்டியது இது. படக்கதையைக் குறித்தன்று.

முன்பு இப்படி இருந்ததில்லை. தாப்பாவிலும் பீடோரிலும் சுங்காயிலும் ரப்பர்த் தோட்டங்கள் உயிரோடிருந்த காலத்தில், விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்று திரும்பியவர்கள் மாலையில் லயத்து அஞ்சடியில் அமர்ந்து கதை பேசினர். பெரிய எழுத்து விக்கிரமாதித்தனும் அல்லி அரசாணியும் மதுரை வீரனும் அங்கே அண்டை வீட்டார் போல அறியப்பட்டவர்கள். தோட்டத்து எல்லையில் காவல் நின்ற முனியாண்டியோ எல்லாரிலும் பெரியவர். இரவில் குதிரையேறி வலம் வருபவர், சுருட்டுப் பிரியர். அவருக்குப் பெரியவர்கள் அஞ்சினர். சிறுவர்கள் அஞ்சிக்கொண்டே, மழை நாளில் முனி சுருட்டை எப்படிப் பற்றவைப்பார் என்று கேட்டனர். அச்சமும் குறும்பும் ஒரே பேச்சில் கலந்திருந்தன. அந்தப் பேச்சு முழுவதும் தமிழ்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சுங்கை சிப்புட்டின் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து ஒரு பகுதியைக் காத்தார். ஏனைய நிலங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போயின. மக்கள் நகரோரக் குடியிருப்புகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தனர். நிலத்திற்கு இழப்பீடு கேட்டவர்கள் இருந்தனர். அஞ்சடிக் கதைகளுக்கு மாற்று என்ன என்று கேட்டவர் இல்லை. அந்த வெற்றிடத்தில் கைப்பேசி வந்து அமர்ந்தது. காலியாகக் கிடந்த நாற்காலியில் அமர்ந்தவனைத் திட்டுவதற்கு முன், நாற்காலி ஏன் காலியானது என்று பார்க்க வேண்டாவா?

கோப்பெங்கை அடுத்த ஒரு மலாய்க் கம்பத்தில் 1951இல் பிறந்து ஈப்போவில் வளர்ந்த லாட், தன் கம்பத்து இளமையை 1979இல் 'கம்போங் பாய்' என்னும் சித்திர நூலாக்கினார். ஈப்போ நகரத்து இளமையை 1981இல் 'டவுன் பாய்' ஆக்கினார். ஈயக் கப்பல் தோண்டிக்கொண்டே வரும் அந்தக் கம்பத்தை உலகின் பல மொழியினர் படித்தனர். அதே பேராக்கின் தோட்டத்து லயத்தைப் படமாக்கி அத்துணைப் புகழ்பெற்ற நூலொன்றைத் தமிழ் மாணவன் கையில் கொடுக்க எந்த ஆசிரியரால் இயலும்? கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளையும் கல்லுமலைக் கோயில் குகையையும் கண்ட கொரியனோ சப்பானியனோ அவற்றுள் நூறு அரக்கர்களைக் குடியேற்றியிருப்பான். குதிரையேறிய முனியாண்டி அவர்களுக்குக் கிடைத்திருந்தால் உலகமே அவரைக் கேலி செய்து கொண்டாடியிருக்கும்.

எதிர்வாதங்களில் ஒன்று வலுவுடையது. படக்கதைகளுள் குருதியும் கொடுமையும் மலிந்தவை உள்ளன. சிறுவர்க்கு ஒவ்வாதவையும் உள்ளன. கேலியிலும் நற்கேலி, தீக்கேலி என இருவகை உண்டு. கதைமாந்தரின் கறுத்த நிறத்தையும் பருத்த உடலையும் எள்ளத் தொடங்கும் நாக்கு, விரைவில் பக்கத்து இருக்கை மாணவியிடம் வந்து சேரும். ஆயின் இதைக் கண்டு திருத்தத்தக்கவர் யார்? ஒரு பக்கமும் படியாமல் ஒட்டுமொத்தமாகச் சபிக்கும் ஆசிரியரால் அது ஆகாது. 'கம்பரசம்' எழுதிக் கம்பனைத் தாக்கிய அண்ணாவும் கம்பனைப் படித்துவிட்டே தாக்கினார்.

அரட்டை எழுத்தாக மலராது என்பாருக்கு இந்நாட்டு வரலாறே மறுமொழி கூறும். 1950இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு, எழுதத் தெரியாதவர்களை எழுத அழைத்தது. 1950களில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு மாணவர் மணிமன்றத்திற்கு இடம் தந்தது. துணுக்கும் கேள்வியும் குட்டிக் கதையுமாகப் பிள்ளைகள் கிறுக்கியனுப்பிய அப்பக்கங்களிலிருந்தே பிற்காலத்து எழுத்தாளர் பலர் வந்தனர். அன்றைய பெரியவர்கள் அதை அரட்டை என்று சொல்லிக் குப்பைக்கூடையில் இட்டிருந்தால் இன்று எழுத்தாளர் சங்க மேடைகளில் அமர ஆளிருந்திருக்காது.

செய்யத்தக்கவை அரியனவும் அல்ல. பாடத்திட்டத்தில் கேட்டல், பேச்சுத் திறனுக்கென வேளை ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவ்வேளையில் மாணவர் தாம் விரும்பும் மாயக்கதை நாயகனைத் தமிழில் வழக்காடட்டும். தமிழில் கேலியும் செய்யட்டும். சொல் கிடைக்காமல் தடுமாறும் இடத்தில் ஆசிரியர் சொல்லை எடுத்துக் கொடுக்கட்டும். அதே அளவுகோலைத் தேர்வு நாவலின் நாயகன் மீதும் வைக்க அவர்களை விடட்டும். அவன் தாங்கினால் நல்ல நாவல். ஞாயிறு இதழ்களும் பரிசுத் திட்டங்களும் சிறுகதைக்கும் கவிதைக்கும் தரும் இடத்தில் ஒரு மூலையையேனும் சிறுவர் படத்தொடருக்குத் தரட்டும். வரைவதற்கு ஆளில்லை என்று சொல்ல வேண்டா. புந்தோங்கிலும் பீடோரிலும் கணக்குக் குறிப்பேடுகளின் ஓரங்களில் கொம்பு முளைத்த அரக்கர்களும் வாளேந்திய பெண்களும் நாள்தோறும் தோன்றிக்கொண்டிருக்கிறார்கள். அக்குறிப்பேடுகளைத் திருத்தி மதிப்பெண் இடுவோர், சிவப்பு மையால் அந்தப் படங்களை அடிக்குமுன் சற்று நேரம் பார்க்கலாம்.