பால்கோவாப் பெட்டியில் தேதி எங்கே?

என் மைத்துனர் மகன் ராஜபாளையத்தில் படித்து, கம்ப்யூட்டர் வேலைக்காக டோக்கியோ போனவன். குடியிருப்பது நிஷிகசாய் பகுதியில். 2000-ஆம் ஆண்டை ஒட்டி நம் நாட்டு கம்ப்யூட்டர் ஆட்கள் கூட்டமாகக் குடியேறிய இடம் அது. துவரம்பருப்பும் புளியும் மிளகாய் வற்றலும் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்கின்றனவாம்.

லீவில் வந்தால் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அந்த ஊர்க் கடைகளின் கதையைச் சொல்வான். கடைக்காரர் கையில் பணத்தைத் திணிக்கக் கூடாது, அதற்கென்று வைத்திருக்கும் சின்னத் தட்டில் வைக்க வேண்டும். மீதி நோட்டை நம் கண் முன்னால் எண்ணிக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பார்கள். கிராமப்புறத்தில் ஆளில்லாத காய்கறிக் கடைகள் உண்டு. காயை எடுத்துக்கொண்டு காசை உண்டியலில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். "நம்ம ஊர்ல உண்டியலே மிஞ்சாதுப்பா" என்றேன். சிரித்தான். (கோட்டையூர் ஏ.கே. செட்டியார் 1930-களிலேயே டோக்கியோவுக்குப் போய் புகைப்படக் கலை படித்து, ஜப்பானைப் பற்றித் தமிழில் எழுதியவர். அந்த ஊர் நமக்கு அவ்வளவு புதிதல்ல.)

அவன் சொன்னதில் என்னை உறுத்தியது வேறொன்று. அங்கே 'ஓமியாகே' என்று ஒரு வழக்கம். யார் வெளியூர் போனாலும் அந்த ஊரின் பேர் பெற்ற பண்டத்தை வாங்கிவந்து ஆபீசில் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். வெறுங்கையோடு வருவது மரியாதைக் குறைவு. ரயில் நிலையங்களில் இதற்கென்றே பெட்டி பெட்டியாக அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு துண்டும் தனித்தனியே சுற்றியிருக்கும், பெட்டியின் மேல் எந்தத் தேதி வரை சாப்பிடலாம் என்று அச்சடித்திருக்கும்.

2012-ல் அவன் திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2 கிலோ வாங்கிக் கொடுத்தனுப்பினேன். ஆபீசில் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "எந்தத் தேதி வரை வைத்துச் சாப்பிடலாம்?" என்று கேட்டிருக்கிறார்கள். பெட்டியில் கோபுரப் படம் இருந்தது, கடை பெயர் இருந்தது, போன் நம்பர்கூட இருந்தது. தேதி இல்லை. சாயங்காலம் பார்த்தால் முக்கால் பெட்டி அப்படியே இருந்ததாம். "தலைகுனிவாப் போச்சு மாமா" என்று போனில் சொன்னான். கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பிஸ்கட் பெட்டி இறக்கும்போது தேதியைப் புரட்டிப் பார்த்து வாங்குகிற நான், பால்கோவாவுக்குக் கேட்கவே இல்லையே!

ஜப்பானியர் எல்லோரும் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. நம் ஆண்டாள் கோவில் போல அங்கே ஈசே என்ற ஊரில் பெரிய கோவில். யாத்திரை வருகிறவர்கள் வாங்கிப்போவது 'அகாஃபுக்கு' என்ற இனிப்பு. இடித்த பசையரிசி உருண்டையின் மேல் சிவப்புப் பயற்றுப் பூரணம் வைத்தது. 1707-ல் தொடங்கிய கடை. விற்காமல் மிஞ்சியதை உறையவைத்து, பின்னால் வெளியே எடுத்த நாளையே செய்த நாள் என்று சீட்டு ஒட்டி விற்றது 2007 அக்டோபரில் வெளியே வந்தது. 300 வருஷக் கடை என்று அதிகாரிகள் தயவு பார்க்கவில்லை. வியாபாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். 2008 பிப்ரவரியில்தான் மறுபடி திறக்க முடிந்தது. தேதியில் பொய் சொன்னதற்கு அவர்களுக்கு இந்தப் பாடு. நாம் பொய் சொல்லவில்லை, தேதியையே சொல்லவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சில்லறையாக எடைபோட்டு விற்கும் இனிப்புக்கும் எந்த நாள் வரை உகந்தது என்று எழுதி வைக்க வேண்டும் என 2020 அக்டோபர் முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உத்தரவும் வந்தது. பெரிய கடைகளில் சீட்டு இருக்கிறது. கைமாற்றி விற்கிற நம் போன்ற மளிகைக் கடைகளிலும் பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக் கடைகளிலும் எத்தனை பேர் எழுதுகிறோம் என்பதை அவரவர் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

தேதி போட்டால் நேற்றைய சரக்கு தேங்கும், கட்டுப்படியாகாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நியாயம்தான். பாலும் சீனியும் விற்கிற விலையில் 1 கிலோ கழிவு போனாலும் நஷ்டம் நஷ்டமே. ஜப்பானில் பொழுது சாய்ந்ததும் மிஞ்சிய சாப்பாட்டுப் பண்டங்களின் மேல் பாதி விலைச் சீட்டு ஒட்டிவிடுவார்களாம். அதற்கென்றே காத்திருந்து வாங்குகிறவர்களும் உண்டாம். நம் சிறு கடைகளுக்கு அது சரிவருமா என்பது எனக்குச் சந்தேகமே. ஆடிப்பூரத் தேருக்கு வேண்டுமானால் நிறைய எடுக்கலாம். மற்ற நாளில் 10 கிலோ எடுக்கிற இடத்தில் 4 கிலோ எடுத்து, தீர்ந்தால் மறுபடி வரவழைப்பதுதான் வழி. பக்கத்து ஊர்தானே, பஸ்ஸில் போட்டுவிட்டால் அரை மணியில் வந்து சேரும்.

என் கடையில் போன மாதம் முதல் ஒவ்வொரு பெட்டியிலும் பேனாவால் தேதி எழுதுகிறேன். சரக்குப் போடுகிறவர் ஒருவர், "அண்ணாச்சி, எங்க பிழைப்பைக் கெடுக்காதீங்க" என்று கோபித்துக்கொண்டார். இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் இதைக் கிளப்பப் போகிறேன். சீட்டு அச்சடிக்கும் செலவை முதல் 3 மாதத்துக்குச் சங்கம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கோரிக்கை. எதிர்ப்பவர்கள் அவசியம் வந்து பேச வேண்டும்.