தடுப்பு விழித்திருக்கிறதா?

மாமல்லபுரத்திலிருந்து ஈசிஆரில் தெற்கே போனால் அரை மணி நேரத்துக்குள் கல்பாக்கம். அங்கே நிற்கும் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையைப் பற்றி நம்மிடம் இரண்டே பேச்சுகள்தான் உண்டு. ஒன்று, 'நாட்டின் பெருமை'. இன்னொன்று, 'இருபது வருஷமா கட்டுறாங்கப்பா'. இரண்டுமே சோம்பேறிப் பேச்சு.

2004இல் கட்டத் தொடங்கினார்கள். 2010இல் முடியும் என்றார்கள். உலையின் மையத்தை நிரப்பும் பணியைத் தொடங்கிவைத்த விழாவே 2024 மார்ச்சில்தான் நடந்தது. 3,492 கோடி ரூபாய் என்ற முதல் மதிப்பீடு எப்போதோ தாண்டப்பட்டுவிட்டது. அரசின் விளக்கம்: இந்த வகையில் இதுதான் முதல் உலை, அதனால் வந்த தொழில்நுட்பச் சிக்கல்கள். பொய்யில்லை. ஆனால் இதைக் கேட்டபின் நமக்குப் புதிதாக என்ன தெரிந்தது?

என் சக மென்பொருள்காரர்கள் இன்னும் மோசம். சிறுசேரியில் ஏசியில் உட்கார்ந்துகொண்டு "சின்னச் சின்ன மாட்யூலா உடைச்சிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்" என்பார்கள். உடைக்கலாம், சார். உடைத்ததெல்லாம் மறுபடி ஒன்றையொன்று தொட்டாக வேண்டுமே! சிக்கல் குடியிருப்பது அந்தத் தொடும் இடங்களில்தான். இந்த உலையின் மையம் ஆயிரம் டன்னுக்கும் மேலான உருகிய சோடியத்தில் மூழ்கியிருக்க வேண்டியது. சோடியம் காற்றுப்பட்டால் எரியும். தண்ணீர்போல் ஊடுருவிப் பார்க்கவும் முடியாது. உள்ளே எரிபொருள் கட்டுகளை இடம்மாற்றும்போது கண்ணுக்கு வேலையில்லை. கருவி சொல்வதைத்தான் நம்பியாக வேண்டும்.

அதே வளாகத்தில் 1985இல் இயங்கத் தொடங்கிய சிறிய சோதனை உலையைப் பாருங்கள். 1987 மே மாதம், ஒரு எரிபொருள் கட்டின் அடிமுனை மையத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தபோதே உலையின் மேல்மூடி சுழற்றப்பட்டது. அப்படிச் சுழலாமல் தடுக்க வேண்டிய லாஜிக் அப்போது பைபாஸில் இருந்தது. அடிமுனை வளைந்தது, பக்கத்திலிருந்தவையும் சேதமாயின. உலை திரும்ப ஓட இரண்டு ஆண்டுகள் ஆயின. தடுப்பு வைப்பது பாதி வேலைதான். அது இந்த நொடி விழித்திருக்கிறதா என்பது எல்லோருக்கும் தெரிவது மீதிப் பாதி.

இந்த விவரம் நமக்கு எப்படிக் கிடைத்தது? கல்பாக்கத்துப் பொறியாளர்களே ஆய்விதழ்களில் எழுதினார்கள். வானம் இடிந்து விழவில்லை. எதிர் உதாரணம் ஜப்பானின் மொன்ஜு. 1995 டிசம்பரில் அங்கே சோடியம் கசிந்தது. நிறுவனம் வீடியோவை வெட்டி வெளியிட்டு மாட்டிக்கொண்டது. உலை 2010 வரை மூடிக் கிடந்தது. திறந்த சில மாதங்களில் மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள கருவி உள்ளே விழுந்தது. 2016இல் ஒரேயடியாக மூட முடிவெடுத்தார்கள்.

அதனால் 'பாதுகாப்பு ரகசியம்' என்ற பதிலை நான் ஏற்கமாட்டேன். தாமதத்தை மன்னிக்கலாம். தெரியாத ஒன்றை அவசரப்பட்டு ஓட்டுவதைவிடத் தாமதம் எவ்வளவோ மேல். மௌனத்தை மன்னிக்க முடியாது. எந்த இணைப்பில் சிக்கியது, எந்தச் சோதனையில் தெரியவந்தது, எப்படிச் சரிசெய்தார்கள்? இந்த மூன்றையும் சதுரங்கப்பட்டினத்தில் வலை பின்னுகிறவர் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் எழுதி வெளியிடுங்கள். அவருக்கு விளக்க முடியாத அளவுக்கு அது சிக்கலானது என்றால், அதை இயக்குகிறவர்களுக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்று நாங்கள் கேட்போம்.