வரிசையில நிக்கவா சிங்கப்பூர் போனோம்?

போன வருஷம் மே மாதம், சென்னைக்கு வெளியே ஒரு தீம் பார்க்குக்குக் குடும்பத்தோடு போனோம். நுழையும்போதே மணி 11.30. கண்ணில் பட்ட முதல் ரைடிலேயே வரிசையில் நின்றோம். சாயங்காலம் கிளம்பும்போது அக்கா பையன் விரல் விட்டு எண்ணினான். மொத்தம் 4 ரைடு. "காசு கொடுத்து நின்னுட்டு வந்திருக்கோம்" என்றார் அப்பா.

அதனால், இந்த மே மாதம் சிங்கப்பூர் சித்தி வீட்டுக்குப் போவது என்று முடிவானதும், யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்கு பிளான் போடும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் பிளானைப் பெருமையாக ஃபேமிலி குரூப்பில் போட்டேன். கதவு திறந்ததும் நேராக 'மம்மி' ரோலர் கோஸ்டர்! அக்காவிடமிருந்து ஒரே கேள்வி: "இவனை ஏத்துவாங்களாடி?"

மம்மிக்கு 122 செ.மீ. உயரம் வேண்டும். அப்பா அவனை வாசல் நிலையில் நிற்க வைத்து, பென்சிலால் கோடு போட்டு, டேப்பால் அளந்தார். 119. பிளான் காலி.

ஆக மக்களே, பிளானை வீட்டிலேயே குள்ளமான ஆளிலிருந்து ஆரம்பியுங்கள். 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' ரைடுக்கு 102 செ.மீ., படகில் போகும் 'ஜுராசிக் பார்க் ரேபிட்ஸ்'க்கு 107 (இரண்டுக்கும் கூடவே பெரியவர் ஒருவர் வேண்டும்), 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'வுக்கு 125. ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, வாசலில் இருக்கும் அளவுகோலைப் பார்த்து ஒரு குழந்தை திரும்பி வருவதைவிடக் கொடுமை வேறு இல்லை.

அடுத்து, வரிசையின் நீளத்தை நம்பாதீர்கள். 400 பேர் நிற்கிற ரைடு மணிக்கு 800 பேரை ஏற்றினால், அரை மணி நேரத்தில் உங்கள் முறை வந்துவிடும். 150 பேர்தான் நிற்கிறார்கள், ஆனால் மணிக்கு 200 பேரைத்தான் ஏற்றுகிறது என்றால், 45 நிமிடம்! அங்கே 'கேனோபி ஃப்ளையர்' என்று ஒன்று. பார்த்தால் சாதுவாக இருக்கும். ஒரு வண்டியில் 4 பேர்தான். மதியம் அங்கே போனால் மாட்டிக்கொள்வீர்கள். இந்த மாதிரி மெதுவான ரைடுகளைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

10 ரைடுகளை எத்தனை விதமான வரிசையில் போகலாம் தெரியுமா? 36,28,800 விதம். அமெரிக்காவில் லென் டெஸ்டா என்பவர் டிஸ்னி பார்க்குகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுப்பதையே தொழிலாக்கிவிட்டார். நமக்கு அவ்வளவு வேண்டாம். இந்தப் பார்க் ஒரு குளத்தைச் சுற்றி வட்டமாக இருக்கிறது. ஒரு பக்கம் ஆரம்பித்தால் மறுபக்கம் வந்து முடிக்கலாம். குறுக்கும் நெடுக்கும் ஓடினால் அம்மாவின் முட்டிதான் பதில் சொல்ல வேண்டும்.

காசு கொடுத்து வரிசையைத் தாண்டும் 'எக்ஸ்பிரஸ்' டிக்கெட்டும் உண்டு. 6 பேருக்குக் கணக்குப் போட்டதும் அப்பா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வாசலில் நின்றோம். பலரும் வலது பக்கம் டிரான்ஸ்ஃபார்மர்ஸை நோக்கி ஓட, நாங்கள் இடது பக்கம் திரும்பினோம். 2025 பிப்ரவரியில் திறந்த மினியன் லேண்ட் அங்கேதான். அதை முடித்து, கேனோபி ஃப்ளையர், ரேபிட்ஸ். சிங்கப்பூரில் மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை சகஜம். மின்னல் வந்தால் வெளியே இருக்கும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அதனால் திறந்தவெளி காலையில், கூரைக்குள் இருப்பது மதியம்.

ரேபிட்ஸில் சொட்டச் சொட்ட நனைந்து, அப்படியே 'வாட்டர்வேர்ல்டு' ஷோவுக்குப் போய், தண்ணீர் தெறிக்கும் வரிசையிலேயே உட்கார்ந்தோம். இனி நனைய என்ன இருக்கு? கூட்டம் உச்சத்தில் இருக்கும் மதியத்தில் ஷோதான் சரி. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் உட்காரலாம், அம்மாவுக்கும் கால் நீட்டக் கிடைக்கும்.

மம்மிக்கு 'சைல்ட் ஸ்விட்ச்' என்ற வசதி கைகொடுத்தது. அக்கா பையனோடு காத்திருக்க, மாமா போய்வந்தார். பிறகு, மறுபடி வரிசையில் நிற்காமல் அக்கா போனார். கேலக்டிகாவுக்கு நான் மட்டும் 'சிங்கிள் ரைடர்' வரிசையில் போனேன். தனியாக வருபவர்களைக் காலி சீட்டில் சொருகுவார்கள், சீக்கிரம் நகரும். குழந்தையோடு போகிறவர்களுக்கு அது சரிவராது.

மூன்று மணிக்கு இடி. நான் இறங்கிக் கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. நாங்கள் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கூரைக்குள்! 50 நிமிடம் நின்றோம், அன்றைக்கு அதுதான் அதிகம். மூடும் முன்பு அதிலேயே இன்னொரு முறையும் போனோம்.

இன்னொன்று, சிங்கப்பூர் பள்ளிகளுக்கு ஜூன் முழுக்க லீவு. போவதாக இருந்தால் மே மாதம், வார நாளில் போய்விடுங்கள்.

கிளம்பும்போது அக்கா பையன் மறுபடி எண்ணினான். ஷோவையும் சேர்த்து அவனுக்கு 6. ஆனாலும் மூஞ்சி தொங்கித்தான் இருந்தது. மம்மி போகலையே! இப்போது தினமும் காலையில் வாசல் நிலையில் போய் நிற்கிறான். நேற்று 119.5. ஷூ போட்டு அளக்கச் சொல்லி அடம்.