கண்ணில்லாத் துவக்கு

வன்னிக் கமக்காரன் தன் பயிரைக் காக்க எத்தகைய துவக்கைக் கொள்ளல் வேண்டும்? இலக்கியப் பக்கத்தில் இவ்வினா எழுவது சிலர்க்கு வியப்பாகலாம். ஆயின், குறிஞ்சித்திணையைக் கற்பிக்கும் ஆசிரியனுக்கும் அதனைக் கற்கும் மாணவனுக்கும் பயிர்காவல் புறம்பான பொருளன்று. அன்று பரணும் கவணும் கொண்டு தினை காத்தனர். இன்று நெடுங்கேணியிலும் ஒட்டுசுட்டானிலும் துணுக்காயிலும் நெல்லுக்கும் கச்சானுக்கும் இராக்காவல் இருக்கின்றனர். காவலின் கருவி மாறியதேயன்றிக் காட்டுப்பன்றியின் பசி மாறவில்லை.

எளியவனுக்கு எட்டக்கூடியனவாகச் சொல்லப்படும் துவக்குகளை ஒவ்வொன்றாக ஒப்புநோக்குவோம்.

மேனாடுகளில் வேட்டை பயிலத் தொடங்குவோர் பெரிதும் நாடுவது தாழ்ப்பாள் அமைந்த ரைபிள். கைப்பிடியைத் தூக்கிப் பின்னிழுத்து முன்தள்ளிப் பூட்டினால் தோட்டா குழலினுள் ஏறும். 1898ஆம் ஆண்டில் ஜேர்மானியப் படை மேற்கொண்ட மௌசர் ரைபிளின் பொறியே பிற்கால வேட்டை ரைபிள்கள் பலவற்றிற்கு மூலமாயிற்று. அமெரிக்காவிலே சவேஜ் அக்சிஸ், ரூகர் அமெரிக்கன் முதலியன இவ்வகையில் விலை குறைந்தவை. பொறி எளியது, உறுதியானது. ஒவ்வொரு வேட்டுக்கும் இடையில் கை தொழிற்பட வேண்டியிருத்தலின், தொடக்கக்காரன் சிந்திக்கச் சிறிது பொழுதும் கிடைக்கும்.

இத்தனை நலமிருந்தும் அது வன்னிக்கு ஒவ்வாது. மிகச் சிறிய .22 ரைபிளின் குண்டே ஒரு மைலுக்கு மேற் செல்லவல்லது. பெரிய ரைபிளின் குண்டோ இரண்டு மூன்று மைல் செல்லும். மலைச்சாரலில் தவறிய குண்டைத் தாங்க மண்மேடு உண்டு. வன்னியோ சமதரை. வயலுக்கு அப்பால் குளக்கட்டு, குளக்கட்டுக்கு அப்பால் குடிமனை. இருளில் பன்றிக்கென விடுத்த குண்டு எவர் முற்றத்தில் வீழுமென்று யாரே அறிவார்?

அடுத்தது சொட்கன் எனப்படும் சன்னத் துவக்கு. பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு என்பதன் பொருள் அறியத்தக்கது. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஒன்றின் குறுக்களவே அக்குழலின் துளையளவாம். அதன் சன்னங்கள் ஏறத்தாழ 40 யார் தொலைவுவரை வலிவுடன் பாயும். அப்பால் விரைவில் வலிகுன்றும். மேனாட்டு வேட்டைக்காரன் குறையெனக் கருதும் இக்குறுமையே நமக்கு நிறை. எட்டும் தொலைவு குறுகக் குறுகப் பிறர்க்கு விளையும் இடரும் குறுகுமன்றோ?

மூன்றாவது இடியன் துவக்கு. குழல்வாயிலே மருந்தும் தும்பும் சன்னமும் இட்டு இடித்துச் சுடுவது. விலை மலிவு. ஆயின் மழைக்காலத்தில் மருந்து ஈரமாகும். மருந்து மிகுந்தாலோ குழல் நைந்தாலோ சுடுபவன் கையிலேயே வெடித்தலும் உண்டு.

யாவற்றினும் மலிவானது கட்டுத்துவக்கு. ஒரு குழலை விலங்கு செல்லும் வழியருகே முளையிற் கட்டி, வழிக்குக் குறுக்கே நூலை இழுத்து விடுவர். நூலிற் கால் பட்டதும் அது வெடிக்கும். கட்டியவன் வீட்டில் உறங்கலாம். பன்றியின் உயரத்துக்குக் கட்டப்படுதலின், மனிதன் அகப்பட்டால் முழங்காலும் தொடையும் சிதையும். விறகுக்குச் சென்றவரும், தேனெடுக்கச் சென்றவரும், மாடு தேடிச் சென்றவரும் இவ்வாறு காலிழந்ததை இலங்கை மருத்துவர் பலர் எழுதியுள்ளனர். கருவுற்ற மானும் யானைக்கன்றும் இதற்கு ஒன்றே.

இது பொறியின் இயல்பு. நற்றிணையிலே புனவன் ஒருவன் தினையுண்ணும் பன்றிக்கெனக் கல் அடார் வைக்கிறான். அதில் அகப்படுவதோ புலி. வைத்தவன் கருதியது வேறு, பொறி கொண்டது வேறு என்பதை அப்புலவர் அன்றே கண்டார்.

ஆகவே துவக்கை மதிப்பிடுகையில் விலையும் குறியும் முதல் அளவுகோல்கள் ஆகா. சுடும் கணத்தில் அதன் பின்னே ஒரு மனிதனின் கண் இருக்கின்றதா என்பதே முதல் அளவுகோல். கண்ணிருந்தால் அறம் இருக்க இடமுண்டு. கண்ணில்லாதவிடத்து அறத்துக்கு இடமே இல்லை. கண்ணில்லாப் படைக்கலம் யாது செய்யுமென்பதை வன்னிக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்தபின் மீண்ட குடிகள், நிலக்கண்ணிகள் அகற்றப்படும்வரை தம் காணிக்குள் கால்வைக்க அஞ்சிக் காத்திருந்தனர். இலங்கை 2017ஆம் ஆண்டில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிற் சேர்ந்தது. அக்கண்ணியை வெறுத்த நாமே காட்டுவழியில் இன்னொரு கண்ணியைக் கட்டலாமா?

துவக்கோசையே இம்மண்ணில் இனி வேண்டாம் என்பாரும் உளர். அவர்தம் துயரம் பெரிது, அதனை மதிக்கின்றோம். ஆயினும் துவக்கு இல்லாத காடு இன்று இல்லை. உரிமம் பெற்ற துவக்கு கிட்டாதவிடத்து மறைவான துவக்கு வந்து நிற்கின்றது. கட்டுத்துவக்கு வைத்தல் சட்டப்படி குற்றமே. ஆனால் ஓரிரவிலே மரவள்ளித் தோட்டம் முழுவதையும் பன்றி உழுதுவிட்டுப் போக, மறுநாள் கடன்காரன் முகத்தில் விழிப்பவனுக்குத் தண்டனை அச்சம் மட்டும் தடையாகாது.

எனவே எமது துணிபு இது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச்சட்டத்தின் வழியே, பயிர்காவலுக்கான சன்னத் துவக்கு உரிமம் உண்மைக் கமக்காரனுக்குக் காலந்தாழாது கிடைக்க வேண்டும். தனித்து வாங்க இயலாதோர்க்குக் கமக்காரர் அமைப்பின் பொறுப்பில் ஊருக்கு ஒன்றிரண்டு வைக்க வழிசெய்தல் நன்று. உரிமத்துக்கு முன் பயிற்சி கட்டாயமாதல் வேண்டும்: இலக்கைத் தெளிவாகக் காணாது சுடற்க, இலக்குக்குப் பின்னிருப்பதை அறியாது சுடற்க. யானைக்குத் துவக்கு விடையன்று. அதற்கு மின்வேலியும் ஊர்க்காவலுமே ஏற்றவை. இவற்றோடு, கட்டுத்துவக்கைக் கண்டவர் அஞ்சாது அறிவிக்கும் வழக்கத்தை ஆசிரியராகிய நாம் வகுப்பறையிலேயே வளர்த்தல் வேண்டும். விறகுக்கும் பாலைப்பழத்துக்கும் காட்டுவழி செல்வோர் நம் மாணவரே.